இடைவேளை விட்டுப் படிக்கும் ஈ

ஜோகூரில் அன்னாசி விளையும் ஊர்கள் எவை என்று கேட்டால் பொந்தியானும் சிம்பாங் ரெங்கமும் முதலில் வாயில் வரும். மலேசியாவிலேயே அதிக அன்னாசி இந்த மாநிலத்தில்தான் விளைகிறது. சிம்பாங் ரெங்கத்துக்குக் கிழக்கே, குளுவாங்குக்குத் தெற்கே, ரயில் நிலையத்தை ஒட்டி வளர்ந்த தோட்டத்து ஊர் ரெங்கம். முன்பு பால்மரம், இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. இந்த வட்டாரத்தில் அன்னாசி வெட்டிய தோலைச் சமையலறையில் அப்படியே போட்டுவைத்தால், எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் சிவப்புக் கண்ணுள்ள சின்னஞ்சிறு ஈக்கள் வந்து மொய்க்கும். நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். கையால் விசிறினால் எழும்பும். அடுத்த நொடி அதே தோலில் உட்காரும்.

பழ ஈ என்றதும் கொய்யாவும் புளிச்சக்காயும் பயிரிடுகிறவர்களுக்குக் கோபம் வரலாம். அவர்கள் நினைப்பது வேறு ஈ. அது இதைவிடப் பெரியது, பார்வைக்குக் குளவிபோல் இருக்கும், நல்ல காயைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு விளைச்சலையே கெடுக்கும். நாம் பேசப்போவது டிரோசோஃபிலா. பெரும்பாலும் இது நல்ல பழத்தின் பக்கம் போவதில்லை. கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தில் ஊறும் ஈஸ்ட்தான் இதன் சாப்பாடு. இதில் பல இனங்கள் உண்டு. டிரோசோஃபிலா அனனாசே என்ற ஓர் இனத்தின் பூர்வீகமே தென்கிழக்காசியா. 1858இல் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து அதை முதன்முதலாக விவரித்தார்கள். ஆய்வகங்களை ஆள்வது அதன் உறவான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். 1910இல் தாமஸ் ஹன்ட் மார்கன் நியூயார்க்கில் ஒரு வெள்ளைக்கண் ஈயைக் கண்டெடுத்ததிலிருந்து மரபியலின் பாதிக் கதை இந்த ஈயின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. முட்டையிலிருந்து முழு ஈயாக 10 நாள் போதும். மனிதருக்கு நோய் தரும் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஈயிடம் உறவு மரபணு இருக்கிறது.

அன்னாசி மணத்தில் பல எஸ்டர்கள் கலந்திருக்கின்றன. எத்தில் பியூட்டிரேட் அவற்றில் ஒன்று. அன்னாசிச் சுவை மிட்டாய்களிலும் பானங்களிலும் சேர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இந்த வாசனையை வைத்து பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு 2011இல் வெளியானது. எத்தில் பியூட்டிரேட் செறிவாக இருந்தால் ஈ ஒதுங்கிப் போகும். ஆனால் நான்கு நாள் அந்த ஆவியிலேயே வைத்து வளர்த்த ஈக்கள் ஒதுங்கவில்லை, பழகிவிட்டன. வேறொரு வாசனையைக் காட்டினால் வழக்கம்போல் விலகின. மூக்கு கெடவில்லை, மூளை கற்றிருக்கிறது என்பது இதிலிருந்து புரிந்தது. அரைமணி நேரம் மட்டும் முகர்ந்த ஈக்களுக்கும் பழக்கம் வந்தது, ஆனால் சீக்கிரமே கலைந்துவிட்டது.

மூளையைத் திறந்து பார்த்ததில்தான் விஷயம் இருந்தது. ஈயின் முகர்மூளையில் ஏறக்குறைய ஐம்பது சிறு முடிச்சுகள் உண்டு. ஒவ்வொரு முடிச்சும் குறிப்பிட்ட சில வாசனைகளுக்கே பதில் சொல்லும். நான்கு நாள் முகர்ந்த ஈக்களில் எத்தில் பியூட்டிரேட்டுக்குரிய முடிச்சு பருத்திருந்தது. கரியமில வாயுவில் வைத்து வளர்த்தவற்றில் கரியமில வாயுவுக்குரிய முடிச்சு பருத்தது. ஆய்வை வழிநடத்தியவர் மணி ராமசாமி. எழுதியவர்களின் பட்டியலில் வெரோனிகா ரோட்ரிக்ஸின் பெயரும் இருக்கிறது. கென்யாவில் பிறந்து டப்ளினில் படித்து, ஒபைத் சித்திக்கியின் ஆய்வு பற்றி அறிந்து பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். 1970களில் இவர்கள் இருவரும் வாசனை தெரியாத ஈக்களைத் தேடிப் பிடித்ததுதான் இந்திய ஈ-மூளை ஆய்வின் தொடக்கம். அந்த ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தபோது ரோட்ரிக்ஸ் உயிரோடில்லை. 2010இல் காலமாகிவிட்டார்.

வளர்ந்து முடிந்த ஈயின் மூளையில் ஒரு பகுதி எப்படிப் பருக்கிறது? நியூரான்கள் அங்கே புதிதாகப் பிறக்கவில்லை. இருக்கிற நியூரான்களின் கிளைகளும், நியூரானுக்கும் நியூரானுக்கும் இடையிலான சினாப்ஸ் என்ற இணைப்புகளும்தான் கூடவோ மாறவோ முடியும். ஒரு செல்லின் கிளை வளர வேண்டுமானால் வளரச் சொல்லி ஒரு செய்தி வர வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் மரபணுக்களை மூளையில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஈயின் கண்ணிலும் கருவிலும், மனிதரின் புற்றுநோய்க் கட்டியிலும் கண்டார்கள். அவையே நினைவாற்றலுக்கும் வேலை செய்கின்றன என்பது பிறகு தெரிய வந்தது. இந்த அத்தியாயம் அந்த மரபணுக்களைப் பற்றியது.

கண்ணிலிருந்து தொடங்குவோம். ஈயின் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 800 சிறு கண்ணறைகள். ஒவ்வோர் அறையிலும் எட்டு ஒளியுணர் செல்கள். ஏழாவது செல் புற ஊதா ஒளியை உணர்வது. புற ஊதா விளக்கையும் பச்சை விளக்கையும் எதிரெதிரே வைத்தால் சாதாரண ஈ புற ஊதாவைத் தேடிப் போகும். 1976இல் கலிஃபோர்னியாவில் சேமூர் பென்சரின் ஆய்வகத்தில் பச்சையைத் தேடிப் போகும் ஈக்கள் கிடைத்தன. அவற்றின் கண்ணில் ஏழாவது செல்லே இல்லை. அந்தப் பிறழ்வுக்குச் செவன்லெஸ் என்று பெயரிட்டார்கள். 1987இல் மரபணுவைப் பிரித்தெடுத்தவர்களில் பென்சரின் ஆய்வகத்திலிருந்த உத்பல் பானர்ஜியும் ஒருவர். பார்த்தால், அது வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெற்றுச் செல்லுக்குள் அனுப்பும் ஒரு வாங்கிப் புரதம். பக்கத்திலிருக்கும் எட்டாவது செல், 'நீ ஏழாவது ஆகு' என்று சொல்கிறது. செவன்லெஸ் அதைக் கேட்டு உள்ளே சொல்கிறது.

உள்ளே யாருக்குச் சொல்கிறது? 1991இல் மைக்கேல் சைமனும் ஜெரால்ட் ரூபினும் அந்தத் தொடரைப் பிடிக்கத் தொடங்கினார்கள். வாங்கியோடு ஒட்டிக்கொள்ளும் டிஆர்கே, அது அழைத்துவரும் எஸ்ஓஎஸ், அது தட்டி எழுப்பும் ராஸ், ராஸ் எழுப்பும் ராஃப், அதன் பிறகு மெக், கடைசியாக மேப் கைனேஸ். மேப் கைனேஸ் உட்கருவுக்குள் போய் எந்த மரபணுக்களைப் படிக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. ராஸ் என்ற பெயரைப் பார்த்ததும் புற்றுநோய் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனிதப் புற்றுநோய்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் பழுதுபட்டிருப்பது இந்த ராஸ்தான். பழுதாகும்போது அது ஓய்வதே இல்லை. செல் பெருகிக்கொண்டே போகும். ஈயின் கண்ணில் ஒரு செல் இல்லாமல் போனதை ஆராய்ந்தவர்கள் புற்றுநோயின் உள்வழியை வரைந்து முடித்தார்கள். எனக்குத் தெரிந்தவரை, அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் இல்லை.

கண் முடிந்தது, நரம்புக்கு வருவோம். ஈயின் புழுப் பருவத்தில் நரம்பு தசையைத் தொடும் இடங்களை எண்ணிப் பார்ப்பது எளிது. அங்கே சினாப்ஸ்கள் மொட்டுமொட்டாகத் தெரியும். 2002இல் விவியன் புட்னிக்கின் குழு அந்த நரம்பில் ராஸ்-மேப் கைனேஸ் தொடரைக் கூட்டிப் பார்த்தது. மொட்டுகள் அதிகமாயின. நரம்பையும் தசையையும் ஒட்டிவைத்திருக்கும் ஒரு பசைப் புரதத்தை மேப் கைனேஸ் குறைக்கிறது. பிடி தளர்ந்ததும் நரம்பு புதிய மொட்டு விடுகிறது. மாட்ரிட் நகரில் ஆல்பெர்டோ ஃபெரூஸின் குழு பிஐ3கே என்ற இன்னொரு வளர்ச்சி நொதியை எடுத்துக்கொண்டது. இன்சுலின் செய்தி செல்லுக்குள் போவதும் இந்த நொதியின் வழியாகத்தான். அதைக் கூட்டினால் புழுவிலும் சரி, வளர்ந்த ஈயிலும் சரி, சினாப்ஸ்களின் எண்ணிக்கை ஏறியது. குறைத்தால் இருந்தவையும் நிலைக்கவில்லை. 2012இல் அதே குழு முகர்மூளையின் இடைநியூரான்களில் மட்டும் பிஐ3கே அளவை மாற்றியது. வாசனைக்கு ஈ பழகும் விதமே மாறிப்போனது. பெங்களூர்-டப்ளின் குழு பழக்கம் உருவாகும் இடமாகக் காட்டியதும் அதே வகை இடைநியூரான்களைத்தான்.

பழகிப்போவது எளிய கற்றல். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப்போட்டு நினைவில் வைப்பது அடுத்த படி. ஈ அதையும் செய்யும் என்பதை 1974இல் பென்சரின் ஆய்வகத்தில் காட்டினார்கள். இன்று எல்லோரும் பின்பற்றும் முறை டிம் டல்லியும் வில்லியம் குவினும் 1985இல் வகுத்தது. குழாய்க்குள் நூறு ஈக்கள் வரை விட்டு ஒரு வாசனையைச் செலுத்தி, கூடவே காலில் மின் அதிர்ச்சி தருவார்கள். பிறகு வேறொரு வாசனை, அதிர்ச்சி கிடையாது. அதற்கப்புறம் இரண்டு வாசனைகளும் எதிரெதிர்த் திசையிலிருந்து வரும் கவையில் நிறுத்துவார்கள். கற்றுக்கொண்டவை அதிர்ச்சி வாசனையை விட்டு விலகிப் போகும். விலகியவை எத்தனை, விலகாதவை எத்தனை என்று எண்ணினால் மதிப்பெண் வந்துவிடும். இந்தப் பரீட்சையின் முந்தைய வடிவத்தில் தோற்ற ஈக்களிலிருந்துதான் டன்ஸ், ருடபாகா என்ற மரபணுக்கள் கிடைத்தன. இரண்டும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவைக் கட்டுப்படுத்துபவை. ஒன்று அதை ஆக்குகிறது, மற்றது அழிக்கிறது. வாசனை நினைவு எழுதப்படும் இடம் காளான் உடல். மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றிலும் 2,000க்குச் சற்று மேற்பட்ட நியூரான்கள். 2024இல் வெளியான முழு வரைபடத்தின்படி ஈயின் மூளையில் மொத்தம் 1,39,255 நியூரான்கள். நினைவுக்கென்று ஒதுக்கியது சிறு பகுதிதான்.

1994இல் டல்லி ஒரு கேள்வி கேட்டார்: ஒரே பாடத்தைப் பத்துத் தடவை நடத்தினால் ஈ எவ்வளவு நாள் நினைவில் வைக்கும்? பத்துப் பாடத்தையும் தொடர்ச்சியாக, இடைவெளியில்லாமல் கொடுத்தால் நினைவு சில நாளில் கரைந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவே 15 நிமிடம் சும்மா விட்டால் ஒரு வாரம் நின்றது. ஈயின் ஆயுளில் ஒரு வாரம் பெரிய காலம். பாடம் அதே, அதிர்ச்சி அதே, எண்ணிக்கை அதே. வித்தியாசம் அந்தச் சும்மா இருந்த நேரம் மட்டும். இடைவெளி விட்டுப் படித்தால் நிலைக்கும் என்பதை மனிதரில் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் நூறு வருடத்துக்கு மேல் புதிராகவே கிடந்தது.

பதில் வளர்ச்சிச் செய்தியிலிருந்து வந்தது. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் யி ஜோங்கும் மரியோ பகானியும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. பாடம் நடக்கும்போது அல்ல, முடிந்து ஈ சும்மா இருக்கும்போதுதான் மேப் கைனேஸ் மெதுவாக ஏறி உச்சம் தொட்டு இறங்குகிறது. அது இறங்கிய பிறகு அடுத்த பாடம் வந்தால் மறுபடி ஏறும். பத்துப் பாடத்துக்குப் பத்து அலை. இடைவெளியில்லாமல் திணித்தால் அலை எழவே நேரமில்லை; எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஓர் அலைதான் எழும். நீண்டகால நினைவுக்கு வேண்டியது திரும்பத் திரும்ப எழும் அலை.

ஓர் அலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை முடிவுசெய்வது கார்க்ஸ்க்ரூ என்ற மரபணு. முதலில் அது ஈயின் கருவில் உடல் உருவாவதை ஆராய்ந்தபோது அகப்பட்டது. ராஸ் தொடரில் ராஸுக்கு முன்னால் நின்று செய்தியைத் தூக்கிவிடும் நொதி. மனிதரில் இதன் உறவின் பெயர் எஸ்எச்பி2. அந்த மரபணு பழுதாகி நொதி அளவுக்கு மீறி வேலை செய்தால் நூனன் நோய்க்கூட்டு வருகிறது. இதய மருத்துவர் ஜாக்குலின் நூனன் 1960களில் அடையாளம் கண்ட நிலை அது: குட்டையான உடல், இதயக் குறை, சில குழந்தைகளுக்குக் கற்றலில் தடுமாற்றம். நூனன் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்த மரபணுவே காரணம் என்று 2001இல் தெரிந்தது. அதே பழுதை ஈயின் காளான் உடலில் பகானி வைத்தார். ஈ சாதாரணமாகக் கற்றது. ஆனால் 15 நிமிட இடைவெளி விட்டுப் பத்துப் பாடம் நடத்தியும் நீண்டகால நினைவு வரவில்லை. காரணம், ஒவ்வோர் அலையும் இறங்க மறுத்தது. முந்தையது ஓயுமுன் அடுத்த பாடம் வந்துவிட்டது. இடைவெளியைச் சுமார் 40 நிமிடமாக நீட்டியதும் அதே ஈக்கள் மற்ற ஈக்களைப்போல் நினைவில் வைத்தன. மருந்து கிடையாது, மரபணுவைத் திருத்தவில்லை. ஓய்வு நேரத்தை மட்டும் மாற்றினார்கள். எதிர்ப்பக்கத்தில், பழுதில்லாத கார்க்ஸ்க்ரூவைக் கூடுதலாகக் கொடுத்த ஈக்கள் வழக்கத்தைவிடக் குறுகிய இடைவெளியிலேயே நீண்டகால நினைவை எட்டின.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதில் வியப்பு இராது. ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்தை விட வேண்டும். அந்த நாளில்தான் பட்டைக்குள் பால் மறுபடி ஊறும். பால் வரத்து அதிகம் வேண்டும் என்று தினமும் கத்தி வைத்தால் பட்டை வறண்டு பாலே நின்றுபோகும். ஒரு மரத்துக்கு எத்தனை நாள் விடுவது என்பது மரத்தின் இரகத்தைப் பொறுத்தது. நூனன் பழுதுள்ள ஈக்கு 40 நிமிடம் தேவைப்பட்டதும் அந்த வகைதான்.

இதைப் படித்துவிட்டு எஸ்பிஎம் எழுதப்போகும் பிள்ளைக்குக் கடிகாரம் வைத்துக் கால்மணிக்கொரு இடைவேளை கொடுக்கும் பெற்றோர் இருக்கக்கூடும். வேண்டாம். 15 நிமிடம் என்பது ஈயின் மேப் கைனேஸ் கணக்கு. நம் பிள்ளையின் கணக்கு அல்ல. மனிதருக்கு நல்ல இடைவெளி நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வருகிறது. எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்து அது நீளும், சுருங்கும். விடிய விடியப் படிப்பது மட்டும் ஈக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

வளர்ச்சிச் செய்தி கூடினால் நினைவு கூடும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி என்எஃப்1. நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரை நோய் மனிதரில் ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. தோலில் பழுப்புத் தேமல்கள், நரம்புகளில் கட்டிகள், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் படிப்பில் சிரமம். 1990இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது ஆக்கும் புரதத்தின் வேலை ராஸை ஓயவைப்பது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் ராஸ் ஓயாது. 1997இல் இதே மரபணு இல்லாத ஈக்களை உருவாக்கினார்கள். எதிர்பார்த்தது பெரிய ஈ. வந்ததோ சுமார் 20 சதவிகிதம் சிறிய ஈ. கற்றலும் மந்தம். உடல் ஏன் சிறுத்தது என்று தேடியபோது காரணம் உடலில் இல்லை, நரம்பில் இருந்தது. புழுவின் நியூரான்களில் மட்டும் மரபணுவைத் திருப்பி வைத்ததும் முழு உடலும் சரியான அளவுக்கு வளர்ந்தது. மூளைக்குள் ராஸ் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பது சிறகின் நீளத்தைத் தீர்மானிக்கிறது!

யி ஜோங்கின் குழு 2007இல் அந்தப் புரதத்தையே துண்டுபோட்டுப் பார்த்தது. ராஸை ஓயவைக்கும் நடுப்பகுதி நீண்டகால நினைவுக்கு வேண்டும். உடனடிக் கற்றலுக்கு அது வேண்டாம். அதற்கு வேண்டியது சைக்ளிக் ஏஎம்பியோடு தொடர்புடைய வால்பகுதி. ருடபாகாவின் பழைய வழியும் ராஸின் புது வழியும் ஒரே புரதத்தில் சந்திக்கின்றன. கிரீஸில் எஃப்திமியோஸ் ஸ்கூலாகிஸின் குழு 2011இல் ஆல்க் என்ற வாங்கியைச் சேர்த்தது. ராஸை எழுப்பும் வாங்கிகளில் அதுவும் ஒன்று. மனிதரில் சில நுரையீரல் புற்றுநோய்களின் பின்னால் இருப்பதும் இதே ஆல்க்தான். என்எஃப்1 இல்லாத ஈயில் ஆல்க்கைக் குறைத்ததும் உடலின் அளவும் கற்றலும் மேம்பட்டன. எழுப்புகிறவனை அடக்கினால் ஓயவைக்கிறவன் இல்லாத குறை ஈடாகிறது.

ஈயில் சரியாகிறது என்றால் குழந்தைகளிலும் சரியாகுமே என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஸ்டாட்டின் வகை மருந்து ராஸின் வேலையைக் குறைக்கும். 2005இல் கலிஃபோர்னியாவில் ஆல்சினோ சில்வாவின் குழு என்எஃப்1 பழுதுள்ள எலிகளுக்கு லோவாஸ்டாட்டின் கொடுத்தபோது அவற்றின் கற்றல் தேறியது. கொழுப்பைக் குறைக்கப் பல வருடமாகப் பயன்பட்டுவரும் மருந்து என்பதால் உடனே மனிதரில் சோதிக்க முடிந்தது. நெதர்லாந்தில் 2008இல் ஒரு சோதனை, பிறகு பெல்ஜியத்தையும் சேர்த்து 84 குழந்தைகளுக்கு 12 மாதம் சிம்வாஸ்டாட்டின் கொடுத்து 2013இல் வெளியிட்ட சோதனை. இரண்டிலும் பயனில்லை. 2016இல் லோவாஸ்டாட்டினும் தோற்றது. எலியில் வென்று மனிதரில் தோற்றவற்றின் பட்டியலில் இதுவும் ஒன்று. தோற்றது மருந்துதான், ராஸ் பற்றிய அறிவு அல்ல என்பது என் எண்ணம். ஒரு குழந்தைக்கு எந்த வயதில், மூளையின் எந்தப் பகுதியில், எவ்வளவு ராஸைக் குறைக்க வேண்டும் என்பது ஒரு மாத்திரையால் முடிவாகிற விஷயமில்லை. கார்க்ஸ்க்ரூ ஈக்குத் தேவைப்பட்டது அடக்குவது அல்ல, சரியான இடைவெளி.

கட்டிகளின் கதை இதைவிட நல்லபடியாகப் போயிருக்கிறது. ராஸுக்குக் கீழே நிற்கும் மெக் நொதியைத் தடுக்கும் செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு 2020 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது: இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன என்எஃப்1 குழந்தைகளின், அறுவை செய்ய முடியாத நரம்புக் கட்டிகளைச் சுருக்குவதற்கு. நினைவுக்கோ படிப்புக்கோ அந்த அனுமதி இல்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படிப்பில் பின்தங்கும் ஒரு குழந்தை இருந்து, அதன் உடலில் பால்காப்பி நிறத்தில், அரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தேமல்கள் ஆறோ அதற்கு மேலோ தென்பட்டால், மக்கு என்று பெயர் வைக்குமுன் ஒருமுறை கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரிடம் காட்டுங்கள்.